மதகுப்பாளையத்து வலச்சுற்று

பெரிய வாய்க்காலின் நாலாவது பாலத்தை ஒட்டிக் கிடக்கும் மதகுப்பாளையத்துக்குச் சர்க்கரை வியாதி வந்தது ஆனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு. அன்றைக்குக் காலைக் காப்பி வரைக்கும் ஊரில் ஒருத்தருக்கும் அது கிடையாது. டவுனிலிருந்து வேனில் வந்தவர்கள் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் மேசை போட்டு, ஆளுக்கொரு விரலில் ஊசி குத்தி, கைக்கடங்கிய ஒரு பெட்டியில் நம்பரைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, மத்தியானச் சோற்றுக்குள் பாதி ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது. முதலில் எல்லாரும் பயந்துதான் போனார்கள். ஆனால் ஊராட்சித் தலைவர் அவிநாசியப்பனுக்கும் இருக்கிறது, ரிட்டையர்டு வாத்தியார் சடையப்பனுக்கும் இருக்கிறது, தறி போட்டிருக்கிற நாலு வீட்டுக்கும் இருக்கிறது என்று தெரிந்த பிற்பாடு அது ஒரு அந்தஸ்தாகிப் போனது. நம்பர் சரியாக வந்தவர்கள் கொஞ்சம் வெட்கத்தோடு வீட்டுக்குப் போனார்கள். அப்படிப் போனவர்களில் தெய்வாத்தாளும் ஒருத்தி.

வேனில் வந்த டாக்டர் தினம் ஒரு மணி நேரம் நடக்கச் சொல்லிவிட்டுப் போனார். தோட்டத்துக்குப் போகவும் கடைக்குப் போகவும் வண்டியை மிதித்துப் பழகிப்போன ஊருக்கு, எங்கேயும் போகாமல் சும்மா நடப்பது என்பது புதுச் சங்கதியாக இருந்தது. போகிற இடம் ஒன்று இருந்தால்தானே கால் எழும்பும்? அதனால் தலைவர் ஒரு பாதை போட்டுக் கொடுத்தார். பாலத்தில் தொடங்கி, வாய்க்கால் கரையோடு கிழக்கே போய், வேலாமரங்கள் நிற்கிற திருப்பத்தில் தெற்கே இறங்கி, ஓடையைத் தாண்டி, தன்னுடைய தென்னந்தோப்பு வேலியை உரசிக்கொண்டு, வாத்தியார் காட்டு மேட்டில் ஏறி, பழையபடி பாலத்துக்கே வந்து சேருகிற மூன்று கிலோமீட்டர் வட்டம் அது. பாலத்து முனையில் 'அனைவரும் வருக, நடந்து நலம் பெறுக' என்று நீலப் பலகை வைத்து, அதற்குக் கீழே தன் பேர் போட்ட சிமெண்டு பெஞ்சும் போட்டார். ரிப்பன் வெட்டிய அன்றைக்குச் சர்க்கரை வியாதிக்காரர்கள் எல்லாருக்கும் ஜிலேபி கொடுத்தார்கள்.

அந்த வட்டத்துக்குள்ளே இருந்தது பெரும்பாலும் கல்லுக்கரடுதான். கரட்டு உச்சியில் கருப்பராயன் நின்றார். சாமி நடுவில் இருக்கிறபோது சுற்றுகிறவர்கள் வலமாகத்தான் சுற்ற வேண்டும், இடமாகச் சுற்றுவது சுடுகாட்டில் கொள்ளிக்குடம் சுமக்கிறவன் மட்டும்தான் என்று பூசாரி சொல்ல, இதைக்கூடவா சொல்லித் தர வேண்டும் என்று எல்லாரும் சிரித்தார்கள். ஒரே நடையில் சர்க்கரையும் இறங்குகிறது, புண்ணியமும் ஏறுகிறது. அறுபது பேர், ஆணும் பெண்ணும், வெள்ளைக் கேன்வாஸ் ஷூவும் மப்ளருமாக, விடியக் காலையில் கருப்பராயனை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்கள்.

வட்டத்துக்குள் வீடும் காடும் வைத்திருந்த ஒரே ஆள் தெய்வாத்தாள். கரட்டின் அடிவாரத்துக் குழிவில் ரெண்டு ஏக்கர், ஒரு வட்டக் கிணறு, ஓட்டு வீடு, ஒரு எருமை. புருசன் நஞ்சப்பன் ஆறு வருசத்துக்கு முன்னால் மதகில் அடைத்த குப்பையை எடுக்க வாய்க்காலில் இறங்கினவன் இறங்கினவன்தான், மறுநாள் பிணத்தைத்தான் கரையேற்றினார்கள். மகளைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்தாயிற்று. மருமகன் வீட்டில் போய் ஒரு மூலையில் உட்கார்ந்து டிவி பார்ப்பதைவிட வாய்க்காலிலேயே இறங்கிவிடலாம் என்பது தெய்வாத்தாளின் கட்சி. அதனால் அவளுக்கு அந்த ரெண்டு ஏக்கர்தான் எல்லாம். அந்த வருசம் ரெண்டு ஏக்கரிலும் மஞ்சளே நட்டிருந்தாள். மண்ணைக் கூட்டிக் கட்டி நீள நீளமாக இழுத்த பார் நூற்றுப் பன்னிரண்டு. அவளே கயிறு பிடித்து இழுத்தது, அவளே எண்ணினது.

இனி நடந்ததை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடலாம். ஒருத்தர் வலமாக ஒரு முழுச் சுற்று முடித்தால் அந்த வட்டம் ஒரு சாண் சுருங்கியது. ஏன் என்று கேட்டால் யாருக்குத் தெரியும்? அங்கே பூமியின் சுபாவம் அப்படி. அதுவரைக்கும் யாரும் வேலைவெட்டி இல்லாமல் அதைச் சுற்றிப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். சுருங்கினதை முதலில் கண்டுபிடித்தது வாத்தியாரின் போன். தொடங்கின நாளில் ஒரு சுற்றுக்கு நாலாயிரத்து இருநூறு ஸ்டெப்பு காட்டின போன், ஆடிப்பெருக்குக்குள் மூவாயிரத்துச் சொச்சம் காட்டியது. வாத்தியார் அதைப் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாருக்கும் விளக்கினார்: நடக்க நடக்கக் காலுக்கு வலுக்கூடி எட்டு நீளமாகிறது, எட்டு நீளமானால் எண்ணிக்கை குறையும், இது எட்டாங்கிளாஸ் கணக்கு. எல்லாரும் தங்கள் காலைத் தாங்களே பெருமையோடு பார்த்துக்கொண்டார்கள். நம்பர் குறைந்தால் டாக்டர் கோபிப்பார் என்று ஒரு சுற்றுக்குப் பதிலாக ரெண்டு சுற்று போனார்கள்.

முதலில் போனது கரடுதான். யானைக்கூட்டம் படுத்த மாதிரி கிடந்த கரடு ஆவணியில் வைக்கோல்போர் அளவுக்கு ஆகிவிட்டது. அது புறம்போக்கு, புறம்போக்கு குறைவதை எந்த ஊரில் யார் நின்று பார்த்திருக்கிறார்கள்? சாமிதான் நம்மை நெருங்கி வருகிறார் என்று பூசாரி சொன்னார், பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வட்டத்துக்குள் குறைந்தது வெளியே கூடியது. ஒரு நாள் காலையில் தலைவர் தோப்பில் ஒரு வரிசைத் தென்னை கூடுதலாக நின்றது. நட்டவன் யாருமில்லை, ஆனால் குலை தள்ளிக் காய் பிடித்து, மட்டை கழிக்கிற பதத்தில் நின்றது. வாத்தியார் காட்டு மேட்டில் சோளம் ரெண்டு கட்டு அதிகம் வந்தது. தறிக்காரர்களின் களத்துமேடு அகலித்தது. இதை ஒருத்தர் இன்னொருத்தரிடம் மூச்சு விடவில்லை. அவரவர் தன் காடு மட்டும்தான் வளர்கிறது என்று நினைத்து, கண்ணு பட்டுவிடப் போகிறது என்று வேலியில் பூசணிக்காய்க்குப் பொம்மை மூஞ்சி வரைந்து தொங்கவிட்டு, விடிந்தும் விடியாமல் நடக்க ஓடினார்கள். அந்தப் புரட்டாசி மாதம் ஊரில் ஆரோக்கியத்தின் மேல் வந்த அக்கறை அதுவரைக்கும் வந்ததில்லை.

தெய்வாத்தாள் பார்களை எண்ணினாள். நூற்று நாலு. மறுவாரம் எண்பத்தொன்பது. செடி சாகவில்லை, யாரும் பிடுங்கவில்லை, ஒரு பாருக்கும் அடுத்த பாருக்கும் நடுவில் இருந்த பார் இல்லை, அவ்வளவுதான். கிணறு ஒடுங்கிக்கொண்டே வந்து ஒரு நாள் வாளி உள்ளே போகாமல் விளிம்பில் உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து சொம்பில் கயிறு கட்டி இறைத்தாள். வீட்டில் காலை நீட்டிப் படுத்தால் பாதம் நிலைப்படிக்கு வெளியே போயிற்று. அழுதுகொண்டே மறுபடி ஒரு தரம் எண்ணினாள், எண்ணிக்கை மாறவில்லை.

வி.ஏ.ஓ.விடம் போய்ச் சொன்னாள். அவர் நியாயமான மனுசர், உடனே பீரோவைத் திறந்து பட்டாவை எடுத்துப் பார்த்தார்.

"பட்டாவுல ரெண்டு ஏக்கர்னு போட்டிருக்குதா இல்லீங்களா?"

"போட்டிருக்குதுங்க."

"அப்பறம் எப்படீங்க கொறையும்?"

காகிதத்தை ரெண்டு பக்கமும் பிடித்து இழுத்துக் காட்டினார். அது சுருங்கவே இல்லை. வேண்டுமானால் பட்டாவில் நிலம் குறைந்திருக்கிறது என்று ஒரு மனுவும், நிலத்தில் பட்டா குறைந்திருக்கிறது என்று ஒரு மனுவும் தனித்தனியாகக் கொடுக்கும்படி யோசனை சொல்லி, டீயும் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

அவிநாசியப்பன் நஞ்சப்பனுக்குப் பங்காளி, தெய்வாத்தாளுக்கு மச்சாண்டார் முறை, மாமா என்றுதான் கூப்பிடுவாள். அவர் எதிரே நின்று பேசுவது வழக்கமில்லை என்பதால், அவர் வீட்டுக்குப் போய்க் கதவுக்குப் பின்னால் நின்றபடி, நடக்கிறதைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்தச் சொல்லி அவரிடம் கேட்டாள். அவருக்கு மனசு இளகத்தான் செய்தது. ஆனால் அறுபது பேருடைய உயிர்ப் பிரச்சினையில் தான் ஒருத்தர் முடிவெடுக்க முடியுமா என்று கேட்டார். அவளுக்குச் சுகர் இல்லாததால் அந்த வேதனை அவளுக்குப் புரியாது என்றும் சொன்னார். காடு இன்னும் கண்ணுக்குத் தெரிகிறபோதே தனக்கு எழுதிக் கொடுத்துவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டால் நல்லது, பிற்பாடு எழுத ஒன்றும் இருக்காது என்று அக்கறையோடு எடுத்துச் சொன்னார்.

கார்த்திகையில் பார் இருபத்து மூன்று. கரடு ஒரு அம்மிக்கல் அளவுக்கு ஆகி, அதன்மேல் கருப்பராயன் கட்டைவிரல் உயரத்துக்கு அரிவாளோடு நின்றார். வாய்க்கால் மெனக்கெட்டு வளைந்து வந்து, பாலம், பலகை, பெஞ்சு எல்லாம் தெய்வாத்தாளின் வாசலுக்கே வந்துவிட்டன. அறுபது பேரும் விடியற்காலையில் அவள் வேலியை ஒட்டி, ஷூ சரக் சரக்கென்று, இருபது சுற்று, முப்பது சுற்று என்று சுற்றினார்கள். சுற்றிக்கொண்டே யாருக்கு எத்தனை நம்பர் இறங்கியது என்று பேசினார்கள், அவள் என்ன குழம்பு வைத்திருக்கிறாள் என்று மோந்து பார்த்துச் சொன்னார்கள். பாதை கிட்டக் கிட்ட வந்துவிட்டதால் ஒரே பார்வையில் எல்லாரையும் பார்க்க முடிகிறது, ஊர் ஒற்றுமை வளர்ந்திருக்கிறது என்று வாத்தியார் மகிழ்ந்து போனார். இன்னும் பத்து நாள் இப்படிப் போனால் அறுபது ஜோடி ஷூவும் தன் நெஞ்சு மேலேயே சுற்றும் என்று தெய்வாத்தாள் உள்ளே உட்கார்ந்து கணக்குப் போட்டாள். தையில் மஞ்சள் வெட்ட வேண்டும். தைக்கு நாற்பது நாள் இருந்தது.

அப்போதுதான் எருமை கயிற்றை அறுத்துக்கொண்டது. தொழுவம் ஒடுங்கி, கொம்பு ரெண்டு பக்கச் சுவரிலும் இடித்த எரிச்சலில் ஒரு சாயங்காலம் வெளியே பாய்ந்து, பாதையில் ஏறி, நிதானமாக அசைபோட்டுக்கொண்டு இடமாகச் சுற்ற ஆரம்பித்தது. அதற்கு வலமும் தெரியாது, இடமும் தெரியாது, கருப்பராயனும் தெரியாது. தெய்வாத்தாள் பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடினாள். நாலு சுற்று சுற்றின பிறகுதான் பிடி கிடைத்தது. பிடித்துக் கட்டிவிட்டுத் தண்ணீர் சேந்தப் போனவளுக்குச் சொம்பு கிணற்றின் விளிம்பில் படாமல் உள்ளே இறங்கியது. திரும்பி வந்து பாரை எண்ணினாள். இருபத்து நாலு. புதிதாய் வந்த பாரில் இலை ஆளுயரம் நின்றது, அடியில் நோண்டிப் பார்த்தால் கிழங்கு விரல் விரலாகப் பிரிந்து கிடந்தது. அவள் அந்தப் பாரிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

அதே சாயங்காலம் தலைவர் தோப்பில் ஓரத்து வரிசையில் எட்டுத் தென்னை காய்குலையோடு காணாமல் போனது. மறுநாளே ஊராட்சி கூடியது. தென்னை போனதை யாரும் பேசவில்லை. தென்னை வந்ததையே பேசாதவர்கள் போனதை எப்படிப் பேசுவார்கள்? சாமியை எருமை இடமாகச் சுற்றிய அபசாரத்தைப் பற்றித்தான் ரெண்டு மணி நேரம் வருத்தப்பட்டார்கள். பூசாரி கோமியம் தெளித்தார். நடைப்பாதையில் எருமைகள் நடக்கக் கூடாது என்று ஒரு மனதாகத் தீர்மானம் போட்டு, பலகையில் எருமைத் தலை வரைந்து குறுக்கே சிவப்புக் கோடு போட்டார்கள். மனுசரைப் பற்றித் தீர்மானத்தில் ஒன்றும் எழுதவில்லை. மனுசப் பிறவி யாராவது இடமாகச் சுற்றுமா?

தெய்வாத்தாளுக்கே அப்படித்தான் இருந்தது. மூன்று நாள் யோசித்தாள். இடமாகச் சுற்றுவதை நினைத்தாலே கால் கூசியது. நஞ்சப்பனுக்குக் கொள்ளிக்குடம் சுமந்த பங்காளி வீட்டுப் பையன் சுற்றியது அப்படித்தான் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. அவர்கள் வலமாக வருகிறபோது அவள் இடமாகப் போனால் ஒவ்வொருத்தர் முகத்துக்கும் எதிரே போக வேண்டும். தாலி இறங்கின நாளிலிருந்து ஆறு வருசமாக அவள் யாருக்கும் எதிரே போனதில்லை. யாராவது நல்ல காரியத்துக்குக் கிளம்புகிற சத்தம் கேட்டால் வேலியோரமாய் ஒதுங்கி முதுகைக் காட்டி நின்றுவிடுவாள். எதிரே வராதே என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, சொல்லும்படி அவள் வைத்துக்கொண்டதும் இல்லை. ஒதுங்கி ஒதுங்கி இந்தக் குழிக்குள் வந்து நின்றவளை இப்போது குழியே நெருக்கிக்கொண்டு வந்தது. இனி ஒதுங்குவதற்கு எங்கே இடம்? அந்தக் கேள்வி வந்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அதுவும் தன்மேலேயே வந்தது.

நாலாம் நாள் விடியலில், அறுபது பேரும் பாலத்திலிருந்து நடையைத் தொடங்கிக் காதில் மப்ளர் சுற்றிக்கொண்டு வருகிறபோது, தெய்வாத்தாள் தலைக்குக் குளித்து, ஈரத்தலையைத் துண்டில் முடிந்து, வெறுங்காலோடு பாதையில் ஏறி, கருப்பராயனை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு நடந்தாள்.

முதலில் வந்தவர் தலைவர். ரெண்டு எட்டு தூரத்தில் அவளைப் பார்த்துவிட்டு நின்றார். சகுனம் சரியில்லை என்றால் என்ன செய்ய வேண்டும் என்று மதகுப்பாளையத்தில் எல்லாருக்கும் தெரியும்: பேசாமல் திரும்பி வீட்டுக்குப் போய், ஒரு வாய் தண்ணீர் குடித்து, சித்தே உட்கார்ந்து, மறுபடி கிளம்ப வேண்டும். அவரும் பேசாமல் திரும்பினார். திரும்பினபோது அவர் முகம் இடப்பக்கம் போகிற வழிக்கு வந்துவிட்டது. அவருக்குப் பின்னால் வந்த தறிக்காரர்கள் அவர் தோளுக்குமேல் தெய்வாத்தாளைப் பார்த்தார்கள், அவர்களும் திரும்பினார்கள். அவர்களைப் பார்த்து அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள், அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் என்று அறுபது பேரும் திரும்பி, முன்னால் போகிறவன் முதுகைப் பார்த்தபடி பாலத்தை நோக்கி வேகவேகமாக நடந்தார்கள். பாலமோ சுருங்கிச் சுருங்கி ஒரு ஆள் நுழைகிற அகலம்தான் இருந்தது. ஒருத்தர் அதில் ஏறி ஊர்ப்பக்கம் இறங்குவதற்குள் பத்துப் பேர் நெட்டித் தள்ளப்பட்டு, பாலத்தைத் தவறவிட்டுப் பாதையோடு போய்விட்டார்கள். நிற்கலாம் என்றால் பின்னால் தெய்வாத்தாள் வருகிறாள், திரும்பிப் பார்த்தால் மறுபடி அதே சகுனம். வேறு வழியில்லாமல் இன்னொரு சுற்று, அதற்கப்புறம் இன்னொரு சுற்று என்று ஊரே வாய்திறக்காமல், தலைகுனிந்து, கருப்பராயனை இடமாகச் சுற்றியது. நடுவில் வாத்தியார், கைதவறி விழுந்துவிடாமலிருக்கத் தண்ணீர் பாட்டிலை இடது தோளில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். நெரிசலில் யாரோ முழங்கை பட்டு அதில் ஓட்டை விழுந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் தண்ணீர் அவர் முதுகில் பீச்சிக்கொண்டு வந்தது.

அன்றைக்கு ஒரே காலையில் ஏழு பார் திரும்பி வந்தது.

மறுநாள் நேரத்தை மாற்றி அரைமணி முந்தி வந்தார்கள். அவளும் வந்தாள். அதற்கு மறுநாள் கண்ணை மூடிக்கொண்டு நடந்து பார்த்தார்கள், மூன்று பேர் வாய்க்காலில் இறங்கிவிட்டார்கள். சகுனமெல்லாம் மூடநம்பிக்கை என்று வாத்தியார் பெஞ்சில் ஏறி நின்று அரைமணி நேரம் அருமையாகப் பேசினார். பேசி இறங்கி நாலு எட்டு வைப்பதற்குள் அவளைக் கண்டு முதலில் திரும்பினவரும் அவர்தான். வலமாகப் போனதும் திரும்பி வந்ததும் ஒன்றுக்கொன்று கழிந்து போக, தெய்வாத்தாள் நடந்த சுற்றும், பாலத்தைத் தவறவிட்டவர்கள் நடந்த சுற்றும் மிச்சம் நின்றது. பொழுதுக்கும் பொழுது வட்டம் அகலித்தது. கிணற்றில் வாளி இறங்கியது. அவள் காலை நீட்டிப் படுத்தாள். கருப்பராயன் வளர்ந்து வளர்ந்து பழைய உயரத்துக்கு வந்து, பாலமும் பலகையும் பெஞ்சும் தூரமாய்ப் போய், தலைவர் தோப்பில் வந்த தென்னைகள் வந்த வரிசையிலேயே திரும்பிப் போயின. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் ஊரில் எல்லாருக்கும் இளைப்பு கண்டிருந்தது, நம்பர் நன்றாகவே இறங்கியிருந்தது.

மார்கழி கடைசியில் பார் நூற்றுப் பன்னிரண்டு வந்து நின்றது. அன்றைக்கு மத்தியானம் அவிநாசியப்பன் தனியாக வந்தார். தெய்வாத்தாள் கதவுக்குப் பின்னால் போகவில்லை, வாசலிலேயே எதிரே நின்றாள். அவர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் எருமையைப் பார்த்துப் பேசினார்.

"அம்மணி, நீ நடக்கறத நாங்க குத்தஞ் சொல்லலே. நாங்க போய்ட்டு வந்ததுக்கு அப்பறம் நீ வரலாமல்ல? இல்லாட்டி எங்க பின்னாடியே வலமா வந்துரு. உன்ர காடுதான் உனக்கு வந்துருச்சே. இன்னும் என்னத்துக்கு?"

தெய்வாத்தாள் சித்தே யோசித்தாள். நியாயமான கேள்விதான்.

"பலகையில அல்லாரும் வாங்கன்னுதானுங்க மாமா எழுதியிருக்கறீங்க," என்றாள். "எனக்குஞ் சுகருங்க."

அவர் கிளம்பினார். பாதையில் ஏறினவர் வலப்பக்கம் ஒரு எட்டு வைத்தார். அதற்குள் புல்லறுக்கக் கூடையோடு கிளம்பி, குறுக்கே போய்ப் பாதையில் ஏறின அவள் அந்தப் பக்கத்து வேலியோரமாய் எதிரே வந்துகொண்டிருந்தாள். நின்றார், பெருமூச்சு விட்டார், திரும்பி இடப்பக்கமாகவே நடந்து முழுச் சுற்றும் சுற்றி வீடு போய்ச் சேர்ந்தார்.

மறுநாள் காலை அவளும் வழக்கம்போல நடந்துவிட்டு வந்து எண்ணினபோது நூற்றுப் பதிமூன்று இருந்தது. கடைசிப் பாரில் மஞ்சள் இல்லை. வெறும் செம்மண், ஓரத்தில் ஒரு தென்னங்கன்று. அது யாருடைய மண் என்று அவளுக்குத் தெரியும். கொஞ்ச நேரம் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள். திருப்பிக் கொடுக்கலாமா என்று ஒரு நினைப்பு வரத்தான் செய்தது. அப்புறம் உள்ளே போய் ஒரு படி சோளத்தை எடுத்து வந்து, அந்த ஒரு பாரில் மட்டும் எருமைக்குத் தீனியாகட்டும் என்று விதைத்துவிட்டாள்.